வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்துகள்: பழையதையும் புதியதையும் கணக்கு வைத்துப் பயன்படுத்தும் முறை

தருமபுரிப் பக்கத்தில் முப்பது வயதுக்குள் ஒருவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டால், வீட்டார் முதலில் பழி போடுவது போர் தண்ணீரின் மீதுதான். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் பொருட்டே வந்தது என்பதும் உண்மை. உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சிக்கு விழுந்து சொரசொரப்பாவதும் உண்மை. ஆனால் பின்தலையும் அதே தண்ணீரில்தான் குளிக்கிறது. நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் மட்டும் முடி மெலிந்து, காதோரமும் பிடரியும் அடர்த்தியாகவே இருந்தால், அது பெரும்பாலும் ஆண்களுக்கு மரபுவழியில் வரும் வழுக்கையாகவே இருக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்னும் ஹார்மோன் அந்த இடத்து மயிர்க்கால்களை ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சிறிதாக்கிக்கொண்டே போக, கருத்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடி முளைக்கிறது. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்தபின் முடி தடிப்பாகத் தெரிவது, வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால்தானே தவிர, மயிர்க்கால் பெருத்ததால் அல்ல.

வட்ட வட்டமாகத் திடீரென்று முடி கொட்டினால் அது புழுவெட்டு. காய்ச்சலுக்குப் பிறகு தலை முழுவதும் கொத்தாகக் கொட்டினால் அது வேறு. இந்தக் கட்டுரை அவற்றுக்கு உரியதன்று. எது என்று தெரியாதவர்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. சின்ன வெங்காயச் சாற்றை ஆதாரத்தோடு பரிந்துரைப்பவர்கள் மேற்கோள் காட்டும் ஈராக் நாட்டு ஆய்வுகூடப் புழுவெட்டுக்குச் செய்யப்பட்டதே.

மருந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. உலர்ந்த, எண்ணெய் தடவாத தலையோடு, ஒரே சன்னலருகில், ஒரே நேரத்தில், நெற்றியை நேரிலும் இருபுறமும், உச்சியை மேலிருந்தும் படமெடுத்து வைக்க வேண்டும். உச்சிக்குச் சுழியை நடுவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் அதே இடம் படத்தில் விழும். முடியின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதால், முடி வெட்டிக்கொண்ட மூன்றாம் நாள் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான் இருபத்தெட்டு வயதில் மினாக்சிடில் என்னும் தடவு மருந்து, வெங்காயச் சாறு, ஊசி உருளை (நுண்ணூசிகள் பதித்த, தலையில் உருட்டும் கருவி) ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினேன். பத்தாம் நாள் தலை முழுவதும் சிவந்து அரித்தது. எதனால் என்று சொல்ல எனக்கே வழியில்லாமல் மூன்றையும் நிறுத்தினேன். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மருந்து, அதற்கு நான்கு மாதமாவது என்பதே என் வழக்கம்.

எந்தப் புதிய மருந்தை நினைத்தாலும் அதற்கு அடித்தளமாக முதலில் பார்க்க வேண்டியது மினாக்சிடில்தான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த அந்த மருந்தை உட்கொண்டவர்களின் உடலில் முடி வளர்ந்ததைக் கண்டு, 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு 2 சதவீதக் கரைசலாக ஒப்புதல் அளித்தார்கள். இன்று ஆண்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 5 சதவீதம். அளவு ஒரு வேளைக்கு 1 மில்லி, நாளுக்கு இரு வேளை. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் பாதி மருந்துதான் தலைக்குப் போகிறது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, டிராப்பர் முனையைத் தோலுக்கு நெருக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு வகிட்டிலும் சில துளிகள் விட்டு விரல் நுனியால் பரப்ப வேண்டும். முடி நனைந்து தோல் நனையாமல் போனால் மருந்து வீண். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்கள் தடவிய கையோடு ஹெல்மெட்டை மாட்டினால் மருந்தில் பெரும்பங்கு ஹெல்மெட் பஞ்சுக்கே போய்ச்சேரும். எழுந்தவுடன் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு புறப்பட வேண்டும். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தடவினால் தலையணையும் தப்பும். கரைசலில் ஆல்கஹால் இருப்பதால் ஈரத்தலையோடு அடுப்பருகிலோ விளக்கருகிலோ போகக் கூடாது.

முதல் இரண்டு மாதங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டக்கூடும். ஓய்ந்திருந்த மயிர்க்கால்கள் புதிய சுற்றைத் தொடங்கும்போது பழைய முடியைத் தள்ளிவிடுவதே அதற்குக் காரணம். பலர் பயந்து நிறுத்துவது இந்த இடத்தில்தான். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது உதிர்ந்துவிடும் என்பதால், மாதச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது. இதய நோயோ இரத்த அழுத்த மாத்திரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தலைசுற்றல், படபடப்பு, கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தந்தை தடவிய மருந்து பட்டுக் கைக்குழந்தைகளின் உடலில் முடி வளர்ந்ததாக ஐரோப்பாவில் பதிவாகியிருப்பதால், தலை காயும்வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, அதற்கு இந்த மருந்து உயிரையே பறிக்கும் நஞ்சு.

அடுத்தது, மருத்துவர் சீட்டோடு மட்டுமே தொட வேண்டிய ஃபினாஸ்டிரைடு. 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997 முதல் வழுக்கைக்கு இருக்கும் இது, டிஎச்டி உண்டாவதையே குறைக்கிறது. மாத்திரையின் பக்கவிளைவுகளைக் குறைக்கும் எண்ணத்தில் 0.25 சதவீத ஸ்ப்ரேயாக ஐரோப்பாவில் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனை (ஒப்புதல் கேட்பதற்கு முன் பலரிடம் நடத்துவது) 2021இல் வெளியானது. 24 வாரங்களில் ஒரு சதுர சென்டிமீட்டரில் மருந்துக் குழுவுக்குச் சராசரியாக 20.2 முடிகள் கூடின. மருந்தில்லாத போலி ஸ்ப்ரே தடவியவர்களுக்கும் 6.7 முடிகள் கூடின. யாராவது ஒரு எண்ணெயைக் காட்டி ‘எனக்கு முளைத்தது’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 6.7 நினைவுக்கு வருகிறது. தலையில் தடவினாலும் இரத்தத்தில் டிஎச்டி குறையத்தான் செய்தது, மாத்திரையைவிடக் குறைவான அளவில். தனிப்பட்ட முறையில் கலந்து விற்கப்படும் ஃபினாஸ்டிரைடு கரைசல்களைப் பற்றி 2019 முதல் 2024 வரை 32 புகார்கள் வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் எச்சரித்தது; விறைப்புக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை அவற்றில் இருந்தன. கருவிலிருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணி மனைவி இந்தப் பாட்டிலையோ ஈரத்தலையணையையோ தொடக் கூடாது.

இனி, சோதனையில் இருப்பவை. டிஎச்டி மயிர்க்காலில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும் கிளாஸ்கோடெரோன், 1 சதவீதக் கிரீமாக முகப்பருவுக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வழுக்கைக்கான 5 சதவீதக் கரைசல் மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றிருக்கிறது. முகப்பருக் கிரீமை வாங்கி உச்சியில் தடவுவது அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வதாகாது, செறிவும் வேறு, கலவையும் வேறு. அதே வழியில் வேலை செய்யும் பைரிலூட்டமைடு, சீனாவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் போலி மருந்தைத் தெளிவாக மிஞ்ச முடியாமல் 2023இல் தடுக்கிவிழுந்தது. புதிய முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தண்டணுக்கள் சர்க்கரையைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றி அவற்றை எழுப்ப முயலும் பிபி405 என்னும் மருந்து இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. இணையத்தில் பொடியாக விற்கப்படும் ஆர்யூ58841 என்னும் வேதிப்பொருள் பற்றித்தான் எனக்குக் கடுமையான கருத்து. எந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒப்புதல் தராத அந்தப் பொடியை வீட்டுத் தராசில் நிறுத்து ஆல்கஹாலில் கலக்கித் தடவுகிறவர், தூய்மையும் தெரியாமல் அளவும் தெரியாமல் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்குகிறார். வேண்டவே வேண்டாம்.

புதிய மருந்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், முறையான சோதனையில் பங்கேற்பதே நேர்வழி. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் 2009 முதல் சி.டி.ஆர்.ஐ. என்னும் அரசுப் பதிவேட்டில் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். அங்கே நோயின் பெயரைத் தட்டி ஊர்வாரியாகத் தேடலாம். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம். சம்மதப் படிவத்தைப் படிக்க நேரம் தராதவரும், சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்பவரும் நடத்துவது சோதனையன்று, வியாபாரம். ஒரு மருந்து வழுக்கையைப் போக்கும் என்று சொல்லிக்கொள்வதை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தடை செய்திருக்கிறது என்பதைச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது நினைவில் வைக்கலாம்.

ஊசி உருளைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மும்பையில் 100 ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசியும் மினாக்சிடிலும் பெற்றவர்களுக்கு 12 வாரங்களில் சராசரியாக 91.4 முடிகள் கூடின. மினாக்சிடில் மட்டும் பெற்றவர்களுக்கு 22.2. ஆய்வு சிறியது, காலமும் குறைவு. அதை மருத்துவர் கையால் செய்துகொள்வதே பாதுகாப்பு. ஊசி குத்திய அன்று மினாக்சிடிலைத் தடவக் கூடாது, ஒரு நாள் விட வேண்டும். ஒருவர் உருளையை இன்னொருவர் தொடக் கூடாது. பொடுகோ கொப்புளமோ இருந்தால் அந்த வாரம் வேண்டாம். ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் உடம்பு வலிக்கு இதம். முடியைக் கணக்கெடுக்கும் மாதத்தில் மட்டும், படமெடுத்த பிறகு போங்கள்.

ஆறாம் மாத முடிவில் முதல் படத்தையும் புதிய படத்தையும் பெயர், தேதி தெரியாமல் அருகருகே வைத்து, உங்கள் தலையைத் தினமும் பார்க்காத ஒருவரிடம், எதில் முடி அதிகம் என்று மட்டும் கேளுங்கள். நான் எங்கள் ஊர் முடிதிருத்தும் அண்ணனிடம் கேட்டேன். நெற்றிப் படங்களில் அவர் வித்தியாசம் காணவில்லை; உச்சிப் படத்தில் தயங்காமல் புதியதைத் தொட்டார். இன்றும் உச்சிக்கு மட்டுமே தடவுகிறேன்.