பனிப்புயலுக்குத் தயாராகும்போது வீடுகளில் நேரும் தவறுகள்

கடுங்குளிருக்குத் தயாராவது என்றால் பலரும் முதலில் கம்பளியும் மெழுகுவர்த்தியும் டப்பா உணவும் வாங்கி அடுக்குகிறார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் பனிப்புயலில் ஒரு வீடு நிலைகுலைவது பெரும்பாலும் மின்சாரம் போன பிறகுதான். அப்போது அவசரத்தில் செய்யும் மாற்று ஏற்பாடுகள் சில நேரம் குளிரைவிட ஆபத்தானவை.

முதல் தவறு, எது எதெல்லாம் மின்சாரத்தை நம்பியிருக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் விடுவது. "எங்கள் வீட்டில் எரிவாயு ஹீட்டர்தான், கரண்ட் போனால் கவலையில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். எரிவது எரிவாயு என்றாலும் சூடான காற்றைத் தள்ளும் விசிறி, வெந்நீரைச் சுற்றவிடும் பம்பு, எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். கிணற்று மோட்டாரை நம்பிய வீட்டில் வெப்பத்தோடு தண்ணீரும் நின்றுவிடும்.

எரிப்பதில் வரும் தவறுகள்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் பணத்தோடு போகும். இது தூங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தையே கொண்டுபோய்விடும்.

கரி, பெட்ரோல், எரிவாயு, விறகு என எது எரிந்தாலும், முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், உடல் சோர்வு என்றுதான் தொடங்கும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ, வெளியே போனதும் அது குறைந்தாலோ, உடனே எல்லோரும் வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும். காரணத்தை உள்ளே நின்று தேடக் கூடாது.

ஜெனரேட்டரை கார் ஷெட்டில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பது பரவலான, உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. கதவு திறந்திருந்தாலும் புகை உள்ளேதான் தேங்கும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புகை வெளியேறும் பக்கம் வீட்டுக்கு எதிர்த்திசையில், சன்னல்களுக்கு விலகி இருக்க வேண்டும். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. புகை அடங்கிச் செந்தணலாக இருக்கும்போதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தத் தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். சமையல் எரிவாயு ஓவனைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்குவதும் இதே வகைத் தவறு.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு அருகில், பேட்டரியிலும் இயங்குவதாக இருக்க வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலி வருகிறது, அதனால் கருவி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பொத்தான் ஒலிப்பானையும் மின்சுற்றையும்தான் சோதிக்கிறது. உள்ளே இருக்கும் உணர்கருவி மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுகளில் செயலிழக்கும். பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.

சுவரில் தாழ்வாக இருக்கும் ஹீட்டரின் புகைக்குழாயைக் காற்றில் குவியும் பனி மூடிவிடும். ஒவ்வொரு பொழிவுக்குப் பிறகும் அதைச் சுற்றித் துடைத்துவிட வேண்டும். காருக்கும் இதே விதி. பின்பக்கப் புகைக்குழாய் பனியில் புதைந்திருக்க, உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவது மிக ஆபத்து. முதலில் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். வழியில் சிக்கிக்கொண்டால் மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓட்டி, ஒரு சன்னலைச் சிறிது திறந்துவையுங்கள்.

ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பது இன்னொரு கொடிய குறுக்குவழி. அந்த மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிர்த்திசையில் போய் உயர் மின்னழுத்தமாக மாறும். செத்த கம்பி என்று நம்பிக் கைவைக்கும் மின்ஊழியர் அங்கேயே விழுவார். இதற்குச் சரியான வழி, தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் பொருத்திய சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அது வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும். அது இல்லையென்றால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தடித்த எக்ஸ்டென்ஷன் கம்பியில் பிரிட்ஜையும் விளக்கையும் நேரடியாக இணையுங்கள். சூடாக இருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

தேவைப்படும் இரவில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமானவை. ஒன்று, பல மாதம் டாங்கில் கிடந்து கெட்ட பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்திருக்கும். இன்னொன்று, கோடையில் ஊற்றிய எஸ்ஏஇ 30 தர எஞ்சின் எண்ணெய் குளிரில் கெட்டியாகி எஞ்சினைச் சுழலவிடாது. கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு, குளிரிலும் இளகியிருக்கும் 5டபிள்யூ-30 எண்ணெயை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை சுமையோடு ஓடவிடுங்கள். கேனில் இருக்கும் பெட்ரோலைச் சில மாதங்களுக்கு ஒருமுறை காருக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கையடக்க அடுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பியூட்டேன் -0.5 டிகிரியில்தான் கொதித்து வாயுவாகும். உறைகுளிரில் அந்த டப்பா நிறைய இருந்தும் எரியாது. புரோப்பேன் -42 டிகிரி வரை வாயுவாக வரும். அடுப்பு வாங்கும்போதே எந்த எரிபொருள் என்று பாருங்கள்.

குழாய்கள்

தண்ணீர் உறையும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பனிக்கட்டி உட்கார்ந்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று நினைக்க வேண்டாம். கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் சிறைப்பட்ட தண்ணீர் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தில்தான் பைப் பிளக்கிறது. குழாயை மெல்லிய தாரையாகத் திறந்துவிடச் சொல்வதன் காரணம் இதுதான். அழுத்தம் சேர இடமில்லாமல் போகும். வெந்நீர்க் குழாயையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். அதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் அடியில் போகும் குழாய்கள் முதலில் உறையும். வெளியே -6, -7 டிகிரிக்குக் கீழே போகும் இரவில் அந்த அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். குழாய்க்கு நுரை உறை சுற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்பதும் தவறு. உறை வெப்பத்தை உண்டாக்காது, இழப்பைத் தாமதப்படுத்தும். வீடே குளிர்ந்துவிட்டால் சில மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தோட்டக் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸைக் குளிருக்கு முன்பே கழற்ற வேண்டும். உறையாத வகை என்று விற்கும் குழாய்வாயும், ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் வெடிக்கும்.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை திருகிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு தேவைப்படும்போது அசையாது.

வெப்பம் திரும்ப வழியில்லை, வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும் என்றால் குழாய்களைக் காலிசெய்யுங்கள். வரிசை முக்கியம். முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்துங்கள். இல்லையேல் மின்சாரம் திரும்பும்போது தண்ணீரில்லாத தொட்டியில் காயில் கருகும். பிறகு மெயின் வால்வை மூடி, மேல்தளத்துக் குழாயைத் திறந்து காற்று விட்டு, தாழ்வான குழாய் வழியே வடியவிடுங்கள். ஹீட்டர் தொட்டியையும் அதன் அடிக்குழாய் வழியே வடித்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்து, கழிப்பறைக் கோப்பையிலும் சிங்க் அடி வளைவுகளிலும் புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதை வீட்டுக் குழாயில் விடக் கூடாது.

உறைந்துபோன பைப்பை இளக்க நெருப்புச் சுடரைக் காட்டுவது வீட்டையே எரித்துவிடும். முதலில் குழாய்வாயைத் திறந்துவையுங்கள். அந்த முனையிலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரையோ வெந்நீரில் பிழிந்த துணியையோ நகர்த்துங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்கு வெளியேற வழியிருக்காது. பைப்பில் விரிசல் தெரிந்தால், இளக்குவதற்கு முன் மெயின் வால்வை மூடுங்கள். கசிவு உருகும்போதுதான் தொடங்கும்.

விறகும் பேட்டரியும்

பச்சை விறகு போதிய வெப்பம் தராமல் புகைபோக்கியில் தார் போன்ற கிரியோசோட்டைப் படியவைக்கும். அது ஒருநாள் தீப்பிடிக்கும். பிளந்த விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 6 மாதம், கடினமரத்துக்கு ஓராண்டுக்கு மேலும் காற்றோட்டத்தில் காய வேண்டும். இரவு முழுக்க நெருப்பு நிற்கட்டும் என்று அடுப்பின் காற்றை அடைத்துப் புகையவிடுவதும் அதே படிவைத்தான் கூட்டும். ஆறிவிட்டது என்று நம்பிச் சாம்பலை அட்டைப்பெட்டியில் கொட்டாதீர்கள். உள்ளே கங்கு பல நாள் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பவர்பேங்கை அறைவெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜில் போடுங்கள். இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரி முழுக்கத் தீர்ந்த நிலையில் -7 டிகிரியை ஒட்டியே உறையக்கூடும். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்தால் வெடிக்கலாம்.

தண்ணீர், உணவு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குறைந்தது மூன்று நாளுக்கு. ஒரு வாரத்துக்கு வைத்தால் நிம்மதி. கழிப்பறைக்குத் தனியாகச் சேமியுங்கள். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்பது உடல் வெப்பத்தைக் குறைக்கும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் பனியைச் சேர்த்து உருக்குங்கள். வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி கருகும். தளர்ந்த பனி ஏறக்குறைய பத்துப் பங்கு உருகினால்தான் ஒரு பங்கு தண்ணீர். குமிழிவிட்டு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம், பிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். வெளியேதான் பனி இருக்கிறதே என்று உணவை அங்கே வைப்பதைவிட, பாட்டில்களில் தண்ணீரை வெளியே உறையவைத்து அவற்றை பிரிட்ஜுக்குள் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது. வெளியே வெயில் பட்டால் உணவு சூடேறும், விலங்குகளும் வரும்.

உடம்பு

மது குடித்தால் உடம்பு சூடாவதுபோல் தோன்றும். உண்மையில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து வெப்பம் வெளியேறுகிறது. பனிக்கடி பட்ட, அதாவது குளிரில் திசு உறைந்துபோன விரலைத் தேய்ப்பது, பனியால் உரசுவது இரண்டும் திசுவைக் கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் முக்குங்கள். மீண்டும் உறையும் வாய்ப்பிருந்தால் மருத்துவ உதவி கிடைக்கும்வரை இளக்காமல் விடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேசினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அது அவசர உதவியை அழைக்க வேண்டிய நிலை.

ஏற்பாடுகளைச் சோதிக்க, கடுங்குளிர் வருவதற்கு முன் ஒரு சாதாரணக் குளிர் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விடியும்வரை இருந்து பாருங்கள். சிறிய அறையொன்றில் எல்லோரும் படுங்கள். கதவிடுக்கைத் துணியால் அடையுங்கள், உள்ளே எதையும் எரிக்காமல். கையால் திறக்கும் டப்பா ஓப்பனர் இல்லை, டார்ச் எங்கே என்று தெரியவில்லை, வால்வு திருகவில்லை எனக் கண்ட குறைகளைக் காலையில் எழுதி, மின்பலகைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.