மந்தைக் காவல் நாய்க்குட்டி வீட்டுக்கு ஒத்துவருமா? குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கிரேட் பிரெனீஸ் என்ற மந்தைக் காவல் நாயின் எட்டு வாரக் குட்டியைக் கையில் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க மனம் வராது. வெள்ளைப் பஞ்சுமூட்டை மாதிரி இருக்கும். ஆண் குட்டியாக இருந்தால் அந்த மூட்டை இரண்டு வருடத்தில் 45 கிலோவைத் தாண்டும். ராத்திரியில் விழித்திருந்து குரைக்கும். நீங்கள் கூப்பிட்டால் வரலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும். இதைக் கேட்ட பிறகும் ஆசை குறையாதவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆடு மேய்க்கும் நாய் வேறு, ஆட்டைக் காக்கும் நாய் வேறு. பார்டர் கோலி போன்றவை மேய்ப்பவரின் விசிலுக்கு ஏற்ப மந்தையை ஓட்டிச் செல்பவை. காவல் நாய்க்கு அந்த வேலை இல்லை. மேய்ப்பவர் பக்கத்தில் இல்லாதபோதும் மந்தையோடு கிடந்து, ஓநாயோ கரடியோ வந்தால் என்ன செய்வதென்று சொந்தமாக முடிவு செய்ய வேண்டும். பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைகளின் கிரேட் பிரெனீஸ், இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் கங்கால், இமாச்சலத்தில் கத்தி (Gaddi) என்ற இடையர் சமூகம் வளர்க்கும் நாய் எல்லாமே இந்த வகை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் என்ற மேய்ப்பர்களின் நாய்களும் ராத்திரியில் இந்தக் காவல் வேலையைத்தான் பார்க்கின்றன.

ஆகவே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பது இந்த நாயிடம் குறையே அல்ல. பல நூறு வருடங்களாக அதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து அதை லாப்ரடார் ஆக்கிவிடலாம் என்ற நினைப்பு இருந்தால், லாப்ரடாரே வாங்கிவிடலாம்.

படி 1: குட்டிக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

குரைப்பிலிருந்து தொடங்குவோம். ஓநாயோடு சண்டை போட்டால் நாய்க்கும் காயம். அதனால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று தூரத்திலேயே தெரியப்படுத்தி விரட்டுவதுதான் இதன் முதல் ஆயுதம். தெருவில் குப்பை வண்டி போனாலும், பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டாலும் அந்த அறிவிப்பு வரும், அதிலும் நள்ளிரவில். ராத்திரி நாயை வீட்டுக்குள் படுக்க வைத்தால் ஓரளவு குறையும், முழுதாக நிற்காது. சுவரை ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவிலும் அடுக்குமாடியிலும் இந்த நாய் வேண்டாம்.

அடுத்தது வேலி. இவற்றுக்கு எல்லை என்பது கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. நல்ல உறுதியான, ஐந்தாறு அடி உயர வேலி கட்டாயம். அவிழ்த்துவிட்டு நடக்கக் கூட்டிப்போகும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வெயில். கிரேட் பிரெனீஸுக்கு இரண்டு அடுக்கு முடி. சென்னை, மதுரை, திருச்சியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். ஏசி அறையில் அடைத்து வளர்ப்பது காவல் நாய்க்கு வாழ்க்கை இல்லை. முடியை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும் அந்த முடிதான். ஊட்டி, கொடைக்கானலில் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். கனடா, இங்கிலாந்து, ஐரோப்பாவில் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

படி 2: இனத்தை முடிவு செய்யுங்கள்

முதல் தடவை நாய் வளர்ப்பவர்கள் கிரேட் பிரெனீஸ், மரெம்மா இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மந்தைக் காவல் நாய்களுக்குள் மனிதர்களிடம் ஓரளவு பொறுமையானவை இவை, அதிலும் பிரெனீஸ். கங்கால், காக்கேசியன் ஷெப்பர்ட், மத்திய ஆசிய ஷெப்பர்ட் ஆகியவை அனுபவசாலிகளுக்கே சவாலானவை.

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2024 மார்ச்சில் இந்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் கங்கால், துருக்கியின் இன்னொரு மந்தைக் காவல் நாயான அக்பாஷ், காக்கேசியன் ஷெப்பர்ட் எல்லாம் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிகள் ஊருக்கு ஊர் மாறுவதால், முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டுக் காப்பீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 3: விற்பவரிடம் கேளுங்கள்

போனில் பேசும்போதே இவற்றைக் கேட்கலாம்:

- தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா? சான்றிதழைக் காட்ட முடியுமா? முழங்கால் சில்லு சோதித்தீர்களா?
- குட்டிகள் எங்கே வளர்கின்றன? கொட்டகையிலா, வீட்டுக்குள்ளா?
- எங்களால் வளர்க்க முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். "எங்கள் நாய்க்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற வாய்வார்த்தை எக்ஸ்ரேவுக்கு ஈடாகாது. கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தர முன்வருபவரை விட்டு விலகிவிடுங்கள். இந்தியாவில் 2017-ம் ஆண்டு விதிகளின்படி அப்படி விற்பதே குற்றம்.

குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரெனீஸ் மீட்புக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. குரைப்பு தாங்காமல், உருவம் தாங்காமல் விடப்பட்ட இரண்டு மூன்று வயது நாய்கள் அங்கே வரும். அதன் குணம் என்ன என்பது அந்த வயதில் தெரிந்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை.

படி 4: தாயைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் தேர்வில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த இனங்களின் காவல் குணம் ஒன்றரை, இரண்டு வயதில்தான் முழுதாக வெளிப்படும். எட்டு வாரக் குட்டி எல்லோரிடமும் குழைவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தாயோ வளர்ந்து முடிந்த நாய். குட்டி பின்னால் எப்படி வரும் என்று அதைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம்.

நீங்கள் வாசலுக்கு வரும்போது தாய் குரைக்கட்டும், அது நல்லதுதான். வீட்டுக்காரர் உங்களை உள்ளே அழைத்துப் பேச ஆரம்பித்ததும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்ப் படுத்து, ஒரு கண்ணை உங்கள் மேலேயே வைத்திருந்தால் அதுதான் வேண்டிய குணம். கொஞ்ச நேரம் கழித்தும் பல்லைக் காட்டி உறுமினாலோ, வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்கினாலோ அந்த ஈத்தையே விட்டுவிடுங்கள். "குட்டி போட்டிருப்பதால் அப்படி" என்பார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் வரை அது சரி. எட்டு வாரம் ஆன பிறகும் அதே சமாதானம் என்றால் சந்தேகப்படுங்கள்.

தாயைக் கட்டி வைத்திருக்கிறோம், வெளியூரில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் குட்டியைப் பார்க்காமலே கிளம்பலாம்.

படி 5: குட்டிகளைப் பாருங்கள்

போனதும் தூக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். முதலில் ஓடி வந்து காலைக் கடிக்கும் குட்டி பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். அது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் முரடு. பின்னால் ஒளியும் குட்டியின் மேல் இரக்கம் வரும். பயந்த காவல் நாய் 50 கிலோவில் ஆபத்தானது. இரண்டையும் விட்டு, நடுவில் நிதானமாகச் சுற்றி, கொஞ்சம் தாமதித்து உங்களிடம் வந்து, பிறகு தன் வேலையைப் பார்க்கப் போகும் குட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து ஒன்றைத் தரையில் போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு. சில நொடிகளில் திரும்பி வந்து அது என்ன என்று மோந்தால் நல்லது. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் சோதிக்க வேண்டும். கையில் எடுத்துப் பாதத்தையும் காதையும் தொட்டுப் பாருங்கள். துள்ளினாலும் கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் மற்றக் குட்டிகளைக் கடித்து விரட்டுகிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம்.

உடம்பில்: கண் தெளிவாக, தொப்புளில் புடைப்பு இல்லாமல், நடை சீராக இருக்க வேண்டும். நம் ஊரில் நகம் எண்ணிப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே உதவும். பிரெனீஸுக்குப் பின்னங்கால் ஒவ்வொன்றிலும் இரட்டை ஒட்டுவிரல் (தரையில் படாமல் காலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் விரல்) உண்டு, ஆக மொத்தம் 22 நகம். அது ஊனம் என்று நினைத்துவிட வேண்டாம், இனத்தின் அடையாளமே அதுதான். முகத்தில் சாம்பல், பழுப்புத் திட்டுகள் இருந்தாலும் பரவாயில்லை. வளர வளர வெளுக்கும்.

படி 6: கொண்டுவந்த பிறகு

இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி, பூச்சி மருந்து அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனம் போதும். எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் மருந்தைத் தனியாக ஊற்றாதீர்கள். பெரிய இனங்களில் அதுவே எலும்பைக் கெடுக்கும். வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய் இந்த உடல்வாகுக்கு வரக்கூடியது என்பதால், கருத்தடை செய்யும்போதே இரைப்பையைத் தைத்து நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்ற குட்டித் தீவு இருக்கிறது. நரிகள் புகுந்து, 2005-ல் அங்கே பத்துக்கும் குறைவான பெங்குயின்களே மிஞ்சின. 2006-ல் மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பெங்குயின்கள் மறுபடி நூற்றைத் தாண்டின. எதோடு பழக்குகிறோமோ அதைத் தன் மந்தையாக எடுத்துக்கொள்ளும் நாய் இது. உங்கள் வீட்டில் அந்த மந்தை உங்கள் பிள்ளைகள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளையின் நண்பன் விளையாட்டாகக் கட்டிப் புரண்டால், வளர்ந்த நாய்க்கு அது தாக்குதலாகத் தெரியலாம். அதனால் பதினாலு, பதினாறு வாரம் ஆவதற்குள் குட்டி பலவிதமான ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும்: ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாத்தா, பாட்டி, கத்தி ஓடும் பிள்ளைகள். தடுப்பூசி முடியும் வரை தெருவில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். வளர்ந்த பிறகும், வெளிப் பிள்ளைகள் வந்து ஆடும் நேரத்தில் நாய் வேறு அறையில் இருக்கட்டும். விருந்தாளி வந்தால் நீங்கள் முதலில் கை கொடுத்துப் பேசி, பிறகு நாயை விடுங்கள்.

வாரம் இரண்டு தடவை சீவிவிடுங்கள், முடி கொட்டும் பருவத்தில் தினமும். அப்படியே அந்த ஒட்டுவிரல் நகங்களையும் பார்த்து வெட்டுங்கள். அவை தரையில் தேயாது, விட்டால் வளைந்து தோலுக்குள் இறங்கிவிடும். குட்டியாக இருக்கும்போதே காலைத் தூக்கிக் காட்டப் பழக்குங்கள். 50 கிலோ ஆன பிறகு அதன் சம்மதம் இல்லாமல் யாராலும் நகம் வெட்ட முடியாது.