அடுக்குமாடி வீட்டுக்குள் கொத்தமல்லி

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரின் மாலை மழை இடியோடு கொட்டும்போது பால்கனிக் கொத்தமல்லி தரையோடு படிந்துவிடும். அதனால் தொட்டிகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்தேன். சில நாட்களில் வெளிச்சம் போதாமல் நாற்றுகள் ஒல்லியாக நீண்டன. அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. இது நாற்றழுகல். ஈர மண்ணும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சை விடாது.

குளிர்நாட்டார் பனிக்காலத்தில் வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கு விளக்கை 14, 16 மணி நேரம் எரியவிடுவார்கள். நமக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். கொத்தமல்லியோ நீண்ட பகலும் வெப்பமும் கண்டால் இலையை மறந்து பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே வெள்ளை எல்இடி குழல் விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் மேலே கட்டி, 12 மணி நேரத்தில் அணைத்தேன். பக்கத்தில் சிறிய மின்விசிறி மெதுவாகச் சுழன்றது. தண்டுகள் தடித்தன, அழுகல் நின்றது!

மண்ணுக்குப் பதில் தென்னை நார்த்தூளும் பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் கல்துகளும். தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். இதில் சோம்பல் கூடவே கூடாது: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டு நீரே போதும்.

விதையை இரண்டாக உடைத்து, ஊறவைத்து, ஆழமான தொட்டியில் நேரடியாக விதையுங்கள். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் வாடும். புதினாவுக்கு இத்தனை பாடில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டை நீரில் வைத்தாலே வேர் விடும். கொத்தமல்லியை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்துவந்தால் ரசத்துக்கு இலை குறையாது.