ஆங்கில வாக்கியத்தில் வினையடையை எங்கே வைப்பது?

சொற்கள் நிறையத் தெரிந்திருந்தும் ஆங்கில வாக்கியம் அமைக்கும்போது பலர் தடுமாறும் இடம் வினையடை. வெல், ஆல்வேஸ், எஸ்டர்டே மாதிரியான சொற்களை வினைக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? தமிழில் இந்தக் கவலை குறைவு. வினை கடைசியில் வந்துவிடும், மற்றவை அதற்கு முன்னால் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலம் அவ்வளவு விட்டுக்கொடுக்காது.

படி 1: வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்காதீர்கள்

வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். வரும் பதிலை வினையோடு ஒட்டிவிட்டு, அப்புறம்தான் வினையடை. 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்' என்பது சரி. 'ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' தவறு. 'நன்றாகப் பேசுகிறாள்' என்பதை ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு போவதால்தான் இந்தப் பிழை வருகிறது. 'ஐ லைக் வெரி மச் மியூசிக்' என்பதும் இதே ரகம். 'ஐ லைக் மியூசிக் வெரி மச்' என்று சொல்ல வேண்டும்.

லி என்று முடியும் வினையடைகள் பலவற்றை வினைக்கு முன்னாலும் வைக்கலாம்: 'ஷீ கேர்ஃபுல்லி ஓபன்ட் த டோர்'. வெல், ஃபாஸ்ட், ஹார்ட் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படி 2: மூன்று சேர்ந்து வந்தால் தமிழைத் திருப்பிப் போடுங்கள்

'அவள் நேற்று மேடையில் நன்றாகப் பாடினாள்.' எழுவாயை விட்டுவிட்டுப் பாருங்கள்: காலம், இடம், விதம், வினை. ஆங்கிலத்தில் 'ஷீ சேங் வெல் ஆன் ஸ்டேஜ் எஸ்டர்டே': வினை, விதம், இடம், காலம். அப்படியே தலைகீழ்! எழுவாயை முன்னால் வைத்துவிட்டு, மற்றதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டே வந்தால் போதும். பயிற்சி வரும்வரை இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

காலத்தை மட்டும் வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 'ஷீ எஸ்டர்டே சேங்' என்று நடுவில் செருகாதீர்கள். கோ, கம் போன்ற வினைகள் வந்தால் போகும் இடம் பெரும்பாலும் விதத்துக்கு முன்னால் வரும்: 'ஹீ வென்ட் ஹோம் குவிக்லி'.

படி 3: எத்தனை தடவை என்று சொல்லும் சொற்கள்

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர். அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குவது இந்தக் கூட்டம்தான். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

ஒரே ஒரு வினை இருந்தால் அதற்கு முன்னால் வரும்: 'ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. அந்த வினை ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆக இருந்தால் பின்னால் வரும்: 'ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வரும்: 'ஷீ ஹேஸ் நெவர் சீன் ஸ்நோ', 'யூ ஷுட் ஆல்வேஸ் லாக் த டோர்'. துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதை அடுத்து வையுங்கள்: 'ஹீ ஹேஸ் ஆஃபன் பீன் டோல்ட்'. கேள்வியாக மாறினால் எழுவாய்க்குப் பின்னால்: 'டூ யூ ஆஃபன் ரீட்?'

ஆல்ரெடி, ஜஸ்ட், ப்ராபப்லி ஆகியவையும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் உட்காரும். ஆனால் எதிர்மறை வாக்கியத்தில் ப்ராபப்லி முன்னால் நகர்ந்துவிடும்: 'ஹீ ப்ராபப்லி வோன்ட் கம்'. நெவர் தானே எதிர்மறை என்பதால் அதோடு டோன்ட் சேர்க்க வேண்டாம். எவ்ரி டே, ட்வைஸ் அ வீக் போன்ற தொடர்களும் எத்தனை தடவை என்றுதான் சொல்கின்றன, ஆனாலும் அவை நடுவில் வராது. கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

படி 4: லி சேர்ந்தால் பொருள் மாறும் சில சொற்கள்

'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்கு! பாராட்டுக் கடிதம் எழுதும்போது கவனம். லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் அண்மைக் காலமாக.

படி 5: வினையடையே வேண்டாத வினைகள்

லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகியவை எழுவாய் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது பெயரடையைத்தான் கேட்கும். 'ஷீ லுக்ஸ் ஹேப்பி' சரி, 'ஷீ லுக்ஸ் ஹேப்பிலி' தவறு. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு இஸ் போட்டுப் பாருங்கள். 'ஷீ இஸ் ஹேப்பி' பொருந்துகிறது அல்லவா? அப்படியானால் பெயரடைதான்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

1. அவர் எப்போதும் அலுவலகத்தில் அமைதியாக வேலை செய்வார்.
2. நான் அந்தக் கடிதத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன்.
3. அவர்கள் நேற்று பூங்காவில் மகிழ்ச்சியாக விளையாடினார்கள்.

விடைகள்: 'ஹீ ஆல்வேஸ் வொர்க்ஸ் குவயட்லி அட் த ஆஃபீஸ்'. 'ஐ ஹேவ் ஆல்ரெடி ரெட் த லெட்டர்'. 'தே ப்ளேய்ட் ஹேப்பிலி இன் த பார்க் எஸ்டர்டே'. முதல் வாக்கியத்தில் தடுமாறியிருந்தால் பரவாயில்லை: அதில் ஆல்வேஸ் மூன்றாம் படிக்கும் மற்ற இரண்டும் இரண்டாம் படிக்கும் கட்டுப்பட்டவை.