லயன் வீட்டு ஹாலுக்கு ஒரு சரவுண்ட் செட்: குறைந்த செலவில் தெரிந்து வாங்குவது எப்படி?

நான் முதலில் வாங்கிய ஹோம் தியேட்டர் பெட்டியின் மேல் "5000 வாட்" என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எங்கள் தோட்டத்து லயனுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்துத் திருப்பினால், பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் வேறு கணக்கு: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட். சுவரிலிருந்து 60 வாட் வாங்குகிற பெட்டி தொடர்ந்து 5000 வாட் எப்படிக் கொடுக்கும்? அந்தப் பெரிய எண் பிஎம்பிஓ என்ற விளம்பரக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது பெட்டி தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான சக்தி. கடைக்காரர் மழுப்பினால் பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். அது பொய் சொல்வது குறைவு.

வாட்டைக் கண்டு மயங்கவும் வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். நம் வீட்டு ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையான 20 வாட் தாராளம்.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

பழைய லயன் அறை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து ஹால் ஆக்கியவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். இதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப்படம் எல்லாம் போக எஞ்சும் இடத்தில்தான் ஸ்பீக்கர் வைக்க வேண்டும்.

5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு, பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு (இவையே பின் ஸ்பீக்கர்கள்), அந்த ".1" என்பது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர். ஒரு நூலை எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து இடப்பக்க ஸ்பீக்கர் வரும் இடம் வரை பிடியுங்கள். அதே நீளம் வலப்பக்கத்துக்கும், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலும் வந்தால் சரியான முக்கோணம். ஏழடி வந்தால் நம் அறைக்கு நல்ல அளவு.

சிக்கல் பின் ஸ்பீக்கர்களில்தான். நம் வீடுகளில் நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருக்கும். முதுகுக்குப் பின்னால் இடமே இராது. பரவாயில்லை. 5.1 முறையில் அவை நேர் பின்னால் இருக்க வேண்டியதில்லை. காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு ஓரிரு அடி மேலே சுவரில் மாட்டினால் போதும். ஒரு பக்கம் கதவு வந்து அதற்கும் வழியில்லை என்றால், 5.1 ஆசையை அங்கேயே விட்டுவிட்டு நல்ல 2.1 அல்லது 3.1 செட் வாங்குங்கள். ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்களைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

படி 2: டிவியின் முதுகைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் டிவியின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே "ஏஆர்சி" (டிவியின் ஒலியை அதே வயர் வழியாக வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் ஒன்றில்தான் இருக்கும். இல்லையென்றால் ஒளி வழியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் துளை இருக்கிறதா? பெரும்பாலான டிவிகளில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி, வெளியே வரும். ஹெட்போன் துளை மட்டும் இருந்தால் வருவது இடம், வலம் இரண்டே.

பலர் ஏமாறும் இடம் அடுத்தது. மலிவான 5.1 செட்டுகள் பலவற்றில் முதுகில் வண்ண வண்ணமாக ஆறு துளைகள் இருக்கும். அவை பழைய டிவிடி பிளேயருக்கானவை. ஒலியைப் பிரிக்கும் டிகோடர் உள்ளே இல்லாவிட்டால், டிவியைச் சாதாரண வயரில் இணைத்ததும் அதே இரண்டு வழி ஒலியைத்தான் ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். என் 5000 வாட் பெட்டி செய்ததும் அதுதான்: மழைக்காட்சியில் மழை பின்னால் பெய்வதற்குப் பதில் கதாநாயகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பேசினான். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "டால்பி டிகோடர் உள்ளே இருக்கிறதா?"

படி 3: எந்த வகை?

கையில் காசு குறைவு, வயர் இழுக்கப் பொறுமையும் இல்லை என்றால், ஏஆர்சி உள்ள சவுண்ட்பாரும் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி ஸ்பீக்கர்) சப்வூஃபரும் போதும். பின் ஸ்பீக்கர்களும் சேர்ந்த பார் கிடைத்தால் இன்னும் நல்லது. வயர் இல்லாத பின் ஸ்பீக்கர் என்றாலும் மின்சாரம் வேண்டும். அந்தச் சுவரில் பிளக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) வாங்கித் தனித்தனி ஸ்பீக்கர் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெட்டியென்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. டிரான்ஸ்போர்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை), ரிசீவரின் பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது.

படி 4: கடையில் கேட்கும் முறை

கடைக்காரர் குத்துப்பாட்டுப் போட்டு வால்யூமை உச்சத்தில் வைப்பார். குறைக்கச் சொல்லுங்கள். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லி, மெல்ல மெல்ல ஒலியைக் குறையுங்கள். "ச", "த" போன்ற எழுத்துகள் குறைந்த ஒலியிலும் தெளிவாக விழுகின்றனவா? படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருவதால் அது சொதப்பினால் எல்லாம் வீண். பிறகு எதையும் ஓடவிடாமல் வால்யூமை முழுதும் கூட்டுங்கள். "ம்ம்" என்ற இரைச்சல் பலமாகக் கேட்டால் அந்தச் செட் வேண்டாம்.

படி 5: வீட்டில் பொருத்துவது

வயரில் கோடு போட்ட இழையை எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே நிறமுனையில் மாட்டுங்கள். ஒன்று மாறினாலும் பாஸ் காணாமல் போகும். டிவி அமைப்பில் ஒலி வெளியீடு "பிசிஎம்" (பெரும்பாலும் இரண்டு வழி ஒலி மட்டும்) என்றிருந்தால் "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "ஆட்டோ" ஆக்குங்கள். ஸ்பீக்கர் மேல் போட்டிருக்கும் லேஸ் துணியை, அம்மா கோபித்தாலும், ஒலி வரும் முகத்திலிருந்து விலக்குங்கள்.

சீமெந்துச் சுவர் எதிரொலிக்கும். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். "டிங்" என்று திரும்பி வந்தால் எதிர்ச்சுவரில் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மொத்த வால்யூமைக் கூட்டுவதால் இரைச்சல்தான் மிஞ்சும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்துங்கள், வசனம் பிடிபடும்.

மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்துச் சுவரெல்லாம் ஈரம் கசியும். பெட்டிகளை வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கூம்பில் பூஞ்சணம் பூக்கும். சப்வூஃபரைப் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஒரே கூரை, ஒரே சுவர். விடிந்ததும் பெரட்டுக்குப் (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) போக வேண்டியவர்கள் அந்தப் பக்கம் தூங்குகிறார்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள். என் இரண்டாவது ரிசீவர் அந்த டிஷ் வயர் வழியாகத்தான் போனது. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.