முதலில் வாசம், அப்புறம்தான் முகம்: வீட்டுக்கு வரும் புது நாயைப் பழக்குவது

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மணி இருக்கிறான். 11 வயது நாட்டு நாய், பின்னங்கால் இரண்டிலும் மூட்டு வலி. சுந்தரி என்ற பூனை இருக்கிறாள். 7 வயதில் மகள். நாயைக் கண்டாலே சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் என் அத்தை. இந்த வீட்டுக்குத்தான் போன சித்திரையில் காப்பகத்திலிருந்து வெள்ளச்சியைத் தத்து எடுத்து வந்தோம். சிப்பிப்பாறை இனம், இரண்டு வயது இருக்கும். மதுரை நாற்கர சாலை ஓரம் யாரோ இறக்கிவிட்டுப் போன பெண் நாய்.

ஆறு வருடத்துக்கு முன்பு இதே வீட்டுக்கு வேறொரு நாயைக் கொண்டுவந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேராக வாசலுக்குள் விட்டேன். மணி பாய்ந்தான், அதுவும் பாய்ந்தது. மணிக்குக் காதில் நாலு தையல். ஒரு வாரத்தில் அந்த நாயை வேறு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இந்த முறை ஒவ்வொரு படியையும் மெதுவாக வைத்தோம். அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நாள் பார்ப்பது பற்றி. தீபாவளியை ஒட்டி நாய் கொண்டு வராதீர்கள். புது இடத்தின் மிரட்சியோடு வெடிச் சத்தமும் சேர்ந்தால் நாய் சுவரேறிக் குதித்து ஓடிவிடும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று ஆள் புழங்கும் நாட்களும் வேண்டாம்.

அடுத்தது கழுத்துப்பட்டை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்குத் தலை குறுகல். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே கழற்றிவிடும். வந்த புதிதில்தான் நாய்கள் அதிகம் தொலைகின்றன. அதனால் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்கிப் போட்டோம். அதிலிருந்து ஒரு கயிறு, கழுத்துப்பட்டையிலிருந்து ஒரு கயிறு, இரண்டையும் சேர்த்தே பிடித்தோம்.

வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். உண்ணிக்கு மருந்து, குடற்புழுவுக்கு மாத்திரை, வெறிநாய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி. இந்த நோய்கள் உடம்புக்குள் இருந்தாலும் சில நாள் வெளியே தெரியாது. அதனால் 14 நாள் மணியோடு சேர்க்க வேண்டாம், தட்டும் தண்ணீர்ச் சட்டியும்கூடத் தனியாக இருக்கட்டும் என்றார். இந்த 14 நாள் நோய்க்காகச் சொன்னது என்றாலும், மனசுக்கும் அதுதான் மருந்து என்று அப்புறம் புரிந்தது.

பின்கட்டில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, சாக்கும் என் பழைய நைட்டியும் விரித்து அவளுக்குக் கொடுத்தோம். மூன்று நாள் மூலையைவிட்டு நகரவில்லை. சோறு வைத்தால் ஆள் போன பிறகுதான் சாப்பிட்டாள். தெருவில் எல்லாருக்கும் புது நாயைப் பார்க்க ஆசை. அத்தைதான் தடுத்தார். "புதுப்பொண்ணு வந்த வீடு மாதிரி ஆளாளுக்குப் போய்ப் பாக்காதீங்க. அசந்து தூங்கட்டும்" என்றார். நாய்க்குப் பயப்படுகிற அத்தை சொன்ன அந்த வார்த்தையைவிட நல்ல அறிவுரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் அந்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். கூப்பிட மாட்டேன், உற்றுப் பார்க்க மாட்டேன். (வெங்காயத் துண்டு கீழே விழுந்தால் உடனே பொறுக்கிவிட வேண்டும், நாய்க்கு அது விஷம்.) ஐந்தாம் நாள் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. அவள் மூக்கு. நான் திரும்பவில்லை. முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாளிலிருந்து மணிக்கு அவள் படுத்த சாக்கைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவன் படுத்த துணியை அவளுக்கு. மணி முதல் நாள் முதுகு மயிரைச் சிலிர்த்தான், மூன்றாம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கினான். முகத்தைப் பார்க்குமுன் வாசம் பழகிவிட வேண்டும்.

முதல் சந்திப்பு வீட்டில் நடக்கக் கூடாது. வீடு மணியுடையது. காலை ஐந்தரைக்குத் தெருமுனை மைதானத்தில் என் கணவர் மணியைப் பிடிக்க, நான் வெள்ளச்சியைப் பிடிக்க, இடையில் இருபது அடி விட்டு ஒரே திசையில் நடந்தோம். நேருக்கு நேர் நிறுத்துவது தப்பு. நாய்களுக்கு அது சண்டைக்கு நிற்பது மாதிரி. பக்கவாட்டில் நடந்தால் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். கயிறு தொய்வாக இருக்கட்டும். நாம் இறுக்கினால் ஏதோ ஆபத்து என்று நாயும் விறைக்கும். நாலாம் நாள் இடைவெளி ஐந்து அடி ஆனது. ஆறாம் நாள் பின்பக்கம் முகர விட்டோம், மனசுக்குள் மூன்று எண்ணி இரண்டையும் பிரித்துக் கூட்டிப்போனோம். அன்றைக்கு மணியை முதலில் வீட்டுக்குள் விட்டு, பிறகு அவளைக் கொண்டுவந்தோம்.

எதைக் கவனிப்பது? வாலை ஆட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். வால் விறைப்பாக மேலே நின்று சின்னதாக ஆடினால், உடம்பு கட்டையாகி, வாய் மூடி, கண் அசையாமல் இருந்தால், உடனே அழைத்துக்கொண்டு விலகுங்கள். அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கமில்லாத கொட்டாவி, முகத்தைத் திருப்புவது எல்லாம் 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்று நாய் சொல்வது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

சாப்பாடு இன்றுவரை வேறு வேறு அறையில்தான். மணியின் இடம், மணியின் நடை, மணிக்கு என் கட்டில் காலடியில் இருக்கும் மூலை, எதையும் குறைக்கவில்லை.

மகளுக்கு மூன்று விதி. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது, முகத்தருகே முகம் கொண்டுபோகக் கூடாது. நாய் வரட்டும், நாம் போக வேண்டாம். பெரியவர்கள் இல்லாமல் இருவரும் தனியாக இருக்கவே கூடாது. தப்பித்தவறிப் பல் பட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

பூனை விஷயம்தான் எங்களுக்கு நீண்டது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பின்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் கம்பிக் கதவு இருந்தது எங்கள் நல்ல காலம். முதல் முறை சுந்தரியைப் பார்த்தபோது வெள்ளச்சி குரைக்கவில்லை. அசையாமல் நின்றாள். தொடை மட்டும் நடுங்கியது. வேகவைத்த கோழி ஈரலை மூக்கடியில் நீட்டினேன், கண் திரும்பவில்லை. ஈரலைக்கூட வாங்க முடியவில்லை என்றால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். அவளைக் கிணற்றடி வரை பின்னால் கூட்டிப்போனேன். அங்கிருந்து பார்த்தபோது வாங்கினாள்.

சுந்தரிக்குப் பீரோ மேல் ஒரு மெத்தை, பரணுக்கு ஏற ஒரு ஸ்டூல், அவள் மட்டும் போகும் ஓர் அறை. பூனைக்கு ஏறிக்கொள்ள உயரம் இருந்தால்தான் ஓடாமல் இருக்கும், ஓடாமல் இருந்தால்தான் நாய் துரத்தாது. தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம், கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வாரத்துக்கு ஓரடி கிட்டே வந்தோம்.

ஏழாவது வாரம், ஒரு மழை நாள். சுந்தரி கதவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி பார்த்தாள், காது முன்னால் வந்தது. அப்புறம் தானாகவே தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கூப்பிடவே இல்லை. கையிலிருந்த ஈரல் அத்தனையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது கூடத்தில் இரண்டு பேரும் இருப்பார்கள், வெள்ளச்சி கயிற்றோடு, என் கையெட்டும் தூரத்தில். மணி நடுவில் படுத்திருப்பான். அத்தை முருங்கைக்கீரை ஆயும்போது காலடியில் வந்து படுப்பவள் வெள்ளச்சிதான். ஆனால் வீட்டுக்குள் சாதுவாக இருக்கும் நாய் கொல்லையில் பூனை ஓடினால் துரத்தக்கூடும். அதனால் கொல்லைக்கு ஒருவர் வந்தால் இன்னொருவர் உள்ளே. ராத்திரி விளக்கை அணைக்குமுன் கம்பிக் கதவைத் தாழ் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.