மூடி திறக்கத் தெரியாமல் எல்கேஜிக்குப் போன பிள்ளை: நாங்கள் செய்த தவறுகள்

முதல் மூன்று நாளும் என் மகளின் டிபன் பாக்ஸ் போனது போலவே திரும்பி வந்தது. முதல் நாள் இட்லி. மறுநாள் நெய்த் தோசை. மூன்றாம் நாள் அவளுக்கு உயிரான கேழ்வரகு அடை. "புள்ளைக்கு ஏக்கம், அதான் எறங்கல" என்றார் மாமியார். நானும் அதையே நம்பி ராத்திரி தலையணையில் அழுதேன். நான்காம் நாள் காலை பாக்ஸை அழுத்தி மூடும்போது எனக்கே கட்டைவிரல் வலித்தது. சந்தேகம் வந்து அவளிடம் கொடுத்தேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். மூடி அசையவில்லை.

"மிஸ்கிட்ட குடுக்கிறதுதானே?"

"மிஸ் பிஸிம்மா."

தருமபுரி வெயிலில் அந்தக் கோடை முழுக்க வீட்டுக்குள் உட்கார வைத்து நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஏ முதல் இசட் வரை, ஒன்று முதல் ஐம்பது வரை, நாலு ரைம்ஸ். எவர்சில்வர் மூடி எங்கள் சிலபஸிலேயே இல்லை.

இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே அதைத் தொடங்குங்கள். பள்ளிக்கு எடுத்துப்போகும் அதே டப்பா, அதே தண்ணீர் பாட்டில், அதே ஷூ. காலை பத்தரைக்குத் தரையில் உட்கார வைத்து, யாரும் ஊட்டாமல், கதை சொல்லாமல், செல்போன் காட்டாமல் பதினைந்து நிமிடத்தில் தானாகச் சாப்பிடப் பழக்குங்கள். முதல் வாரம் பாதி கீழே கொட்டும். கொட்டட்டும், கூட்டிக்கொள்ளலாம். கால்சட்டைக் கொக்கியும் பெல்ட்டும் பெரியவர்களுக்கு அழகு. மூன்றரை வயதுக்கு எலாஸ்டிக்தான் சரி.

பாத்ரூம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒன்றுக்கு வந்தால் வீட்டில் "தண்ணி வருது" என்பான். எல்லோருக்கும் புரியும். பள்ளியில் அதையே சொன்னான். மிஸ் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். அவனும் சமத்தாகக் குடித்தான். பத்து நிமிடத்தில் நனைந்துவிட்டான். மறுநாளும் அதே கதை. வீட்டுச் செல்லச் சொல் எதுவானாலும் இருக்கட்டும், வெளியாளுக்குப் புரிகிற சொல் ஒன்றும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மிஸ், ஒன்னுக்கு" என்று உரக்கச் சொல்லப் பழக்குவது, ரைம்ஸை மனப்பாடம் செய்வதைவிட அவசரமானது.

அட்மிஷனுக்குப் போகும்போது ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, பிள்ளைகள் போகிற கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கக் கூச்சப்பட்டோம். அங்கே போகப் பயந்து, போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல், மலச்சிக்கலில் வந்து நின்றாள் மகள். மாலையில் பாட்டில் நிரம்பியபடி திரும்பி வந்தால் "ஏன் குடிக்கல?" என்று அதட்டாதீர்கள். கழிவறை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. பாலக்கோடு பக்கம் பிறந்த என் வீட்டுக்காரர் சிரித்தால் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தடுப்பு இருக்கிறது. அது 2013 முதல் நடப்பில் உள்ளது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது சுமார் எட்டு வரை. அதாவது எல்கேஜி, யுகேஜி காலமெல்லாம் அதில் அடங்கும். இங்கே நிறைய பேர் செய்யும் தவறு, போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாவதால் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் ஆகும். வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே பாட்டிலில் அனுப்புங்கள். பள்ளித் தொட்டியில் நிரம்புவது எந்தத் தண்ணீர் என்றும் கேட்டுவிடுங்கள்.

வாசலில் சொல்லும் பொய்

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு என் வீட்டுக்காரர் செய்தது. (அவர் இதைப் படிப்பார், பரவாயில்லை.) முதல் நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "அப்பா போய் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன், இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அழுகை உடனே நின்றதாம், பெருமையாகச் சொன்னார். அவள் மதியம் வரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆயாம்மாதான் என்னிடம் சொன்னார். அதன் பிறகு பத்து நாள் வீட்டில் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து "அம்மா இருக்கியா?" என்று கேட்டபடி இருப்பாள்.

பிள்ளை அழுவதில் தவறில்லை. சொல்லாமல் நழுவுவதுதான் தவறு. அணைத்து ஒரு முத்தம், ஒரே வாக்கியம், திரும்பி நடை. அவ்வளவுதான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பார்த்தால் அடங்கிய அழுகை மறுபடி கிளம்பும், மிஸ்ஸுக்குத்தான் பாடு. வாக்கியத்திலும் மணி சொல்லிப் பயனில்லை, மூன்றரை வயதுக்கு ஒரு மணியும் மூன்று மணியும் ஒன்றுதான். "சாப்பிடுவ, படுத்து எழுந்திருப்ப, பாட்டு பாடுவீங்க, அப்ப அம்மா வாசல்ல நிப்பேன்" என்று நான் மாற்றிய பிறகு கொஞ்சம் அடங்கியது. சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒருநாள் நாலு ரோட்டு நெரிசலில் மாட்டி இருபது நிமிடம் தாமதம். ஒரு வாரமாகத் தேறியது அன்றோடு போயிற்று.

திங்கட்கிழமைகளில் அழுகை திரும்பும். காய்ச்சலில் இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனாலும் திரும்பும். பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி, ஒரு ஆளின் பெயரைச் சொன்னாலோ வேன் என்றாலோ மிரண்டால், "பழகிடும்" என்று தள்ளிவிடாதீர்கள். அப்போது கேட்டே ஆக வேண்டும். வேனில் உதவியாளர் ஒருவர் உண்மையில் ஏறுகிறாரா என்று ஒருநாள் நீங்களே நின்று பாருங்கள். 2012-ல் வந்த தமிழ்நாடு பள்ளி வாகன விதிகளே உதவியாளர் வேண்டும் என்கின்றன. ஆட்டோவில் மடிமேல் மடியாக அடைத்து அனுப்புவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் சோறு உண்ணாவிட்டால் "மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆறு மாதம் மிஸ்ஸைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, ஜூனில் அதே பூச்சாண்டியிடம் கொண்டுபோய் விட்டால் பிள்ளை எப்படிச் சிரிக்கும்?

அவசரங்கள்

வயதில் அவசரப்படாதீர்கள். ஜூலை 31-க்குள் மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எல்கேஜிக்குக் கணக்கு. நான்கைந்து மாதம் குறைவான பிள்ளையைத் தள்ளிவிடுவதில் என்ன லாபம்? அதுவரை பால்வாடி இருக்கிறது. சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2019 முதல் எல்கேஜி, யுகேஜியும் நடக்கின்றன. பக்கத்தில் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். தனியார் பள்ளிதான் என்றால், டொனேஷன் கட்டிய பிறகு 25 சதவீத இலவச இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நொந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர். கல்வி உரிமைச் சட்டப்படியான அந்த இடம் எல்கேஜியிலேயே உண்டு. வருமானம் அல்லது சமூகப் பிரிவு, அதோடு பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், இவற்றைப் பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவையுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், அதில் ஒரு இனிஷியல் என்று அலைந்தவள் நான்.

எழுத்தில் அவசரம் அதைவிட மோசம். கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். விரலில் பலம் இல்லாத வயதில் பென்சில் வழுக்கியது, அவள் அழுதாள், நான் கத்தினேன். சப்பாத்தி மாவை உருட்டச் சொல்லுங்கள், முறத்தில் மொச்சையையும் துவரையையும் கலந்து பிரிக்கச் சொல்லுங்கள், கோலப்பொடியில் கோடு இழுக்கட்டும். விரல் தேறட்டும், எழுத்து பிறகு வரும். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. நாங்களோ அவள் உயரத்தில் பாதிக்கு ஒரு பை வாங்கினோம்.

ஓசூரில் இருக்கும் என் நாத்தனாரின் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள் என்று, தெரிந்த பத்து வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்மா பேசத் தொடங்கினார். வாயாடியாக இருந்த பையன் பேச்சையே குறைத்துக்கொண்டான். அவன் அவ்வாதான் (பாட்டி) ஒருநாள் சண்டை போட்டு வீட்டைத் தெலுங்குக்குத் திருப்பினார். பள்ளி மொழியைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும். கோபிக்கவும் கொஞ்சவும் பிள்ளைக்கு ஒரு மொழி முழுசாக வேண்டும்.

மாலையில் கேட்கும் கேள்வியும் ஒன்று. "இன்னிக்கி என்ன படிச்ச?" என்று தினமும் கேட்பேன். "ஒன்னுமில்ல" என்பாள். டிபன் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், யார் கீழே விழுந்தார்கள், எந்தப் பாட்டு என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தாள். ஜூன் கடைசியில் ஒருநாள் ஸ்கூட்டியில் வரும்போது கேட்டேன்.

"இன்னிக்கி கிளாஸ்ல யாரு அழுதா?"

"மிஸ்ஸு."

"ஏன்டி?"

"அவங்க பாப்பாவ இன்னிக்கித்தான் பால்வாடில விட்டுட்டு வந்தாங்களாம்."